வாப்பா சொல்லாம விட்ட பாதி

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

வாப்பா மவுத்தாகி நாளையோட ஒரு வருஷம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதப் போறதில்ல. சொந்தக்காரங்களும் இதைப் படிப்பாங்க, அதனால யார் என்ன பேசினாங்கங்கறதையும் விட்டுடறேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. வெண்டிலேட்டர் போடறதுக்கு நாலு நாள் முன்னாடி, ராத்திரி, நீங்க தூங்கப் போயிருந்தீங்க. வாப்பா என் கையப் புடிச்சு, "ஏதாவது ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லும்மா"ன்னாங்க. பதறிப்போய் ஹராம் வாப்பான்னேன். காயத்தோட வலி தாங்காம கத்தியால கைய வெட்டிக்கிட்டு மவுத்தானவருக்கு சொர்க்கமே இல்லன்னு வர்ற ஹதீஸை, வலியில துடிக்கிற மனுஷன்கிட்ட, மதரஸாவுல பாடம் நடத்தற மாதிரி சொன்னேன் காக்கா. அப்புறம் ரசூலுல்லாஹ் கத்துக்கொடுத்த துஆ, வாழ்றது எனக்கு நல்லதா இருக்கற வரைக்கும் வாழ வை, மவுத்து நல்லதா இருந்தா என்னை எடுத்துக்கோன்னு, அதைச் சொல்லச் சொன்னேன். வாப்பா ரெண்டாவது பாதிய மட்டும் சொன்னாங்க. நான் விடல, முதல்லேருந்து சொல்லுங்க வாப்பான்னேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

ஊசி முடியாதுன்னது தப்பில்ல, இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொன்ன விதத்துக்கு மன்னிப்பு கேக்கத்தான் ஆளில்ல. ஆனா மார்ஃபின்? வலி குறையக் குடுக்கறதோட நிய்யத்தே, நோக்கமே வேறயாச்சே. மயக்கத்துல கலிமா சொல்ல முடியாம போயிடும்னு தடுத்தீங்க, அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு, ஆனா ராத்திரி பூரா அந்த முனகலைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தது நான்.

வெண்டிலேட்டர் எடுக்க கையெழுத்து போட்டதுக்கு "வாப்பாவ கொன்னுட்டா"ன்னு சொன்னீங்களாம். மூளை மொத்தமா நின்னு இனி திரும்பாதுன்னு ஸ்பெஷலிஸ்ட் டாக்டருங்க உறுதியா சொல்லிட்டா, மிஷினால இதயம் துடிச்சிட்டிருந்தாலும் எடுக்கலாம்னு 1986ல ஜோர்டான் நாட்டு அம்மான்ல கூடின ஃபிக்ஹ் அகாடமி, பல நாட்டு மார்க்கச் சட்ட அறிஞர்களோட சபை, தீர்மானம் போட்டிருக்கு. இதயம் நின்னாதான் மவுத்துன்னு சொல்ற ஆலிம்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ஹஜ்ரத்துகிட்ட கேக்கப் போனப்ப நீங்களும்தானே கூட வந்தீங்க? அங்க தலையாட்டிட்டு... சரி, இது பொதுவுல வேணாம்.

எனக்கு அப்படி ஒரு நிலைமை வந்தா என்ன செய்யணும்னு போன வாரம் எழுதி வச்சிட்டேன். முடிச்சு விடற ஊசி கூடாது, வலி மருந்து வேணும், தேற மாட்டேன்னு தெரிஞ்சா மிஷின் வேணாம். முடிவெடுக்கற ஆளா உங்க பேரப் போட்டிருக்கேன். கோவத்துலதான் போட்டேன், அந்தப் பேனாவ நீங்களும் ஒரு தடவ புடிச்சுப் பாருங்கன்னு. அப்புறம் மாத்தலாம்னு உக்காந்தேன், வேற யார் பேரும் தோணல.

உங்க தங்கச்சி