நம்ம சாரணர் ஓபன் குரூப்போட ஆண்டறிக்கை, 2024–25

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 2024-லேர்ந்து மார்ச் 2025 வரைக்குமான செயலாளர் அறிக்கை இது. கூட்டத்துல பாதி படிக்கிறப்பவே கரண்ட் போயிடுச்சு, அதனால முழுசா எழுதித் தர்றேன், வர முடியாத அப்பா அம்மாக்களும் பொறுமையா படிங்க.

இந்த வருஷம் புதுசா சேர்ந்த குடும்பங்கள் ஜாஸ்தி, அதனால அடிப்படையிலேர்ந்தே சொல்லிடறேன். நம்ம திருச்சிப் பக்கம் ஸ்கவுட்னாலே ஸ்கூல்ல இருக்கிறதுதான்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்கோம். நாம ஓபன் குரூப், எந்த ஸ்கூலையும் சேராதது, எந்த ஸ்கூல் பிள்ளையும் வரலாம். 5 வயசுலேர்ந்து 10 வரைக்கும் பசங்க குருளையர், பொண்ணுங்க நீலப்பறவையர், நாம வாய்க்கு வர்ற மாதிரி கப், புல்புல்னு சொல்லுவோம். 10 ஆனா பசங்க ஸ்கவுட், பொண்ணுங்க கைட். ரெஜிஸ்ட்ரேஷன், டெஸ்ட் கேம்ப் எல்லாம் பாரத் ஸ்கவுட்ஸ் கைட்ஸ் மாவட்ட அசோசியேஷன் வழியாத்தான் நடக்குது. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு கொடி ஏத்தி, விளையாட்டு நடத்தி, ஆறரைக்கு பிள்ளைங்களை எண்ணி அனுப்புறது முழுக்க நம்மள மாதிரி வீட்டு ஆளுங்கதான். யாருக்கும் ஒரு ரூபா சம்பளம் கிடையாது. ஃபீஸ் கட்டினோம், விட்டுட்டுப் போயிட்டோம்னு இருக்க இது டியூஷன் சென்டர் இல்ல. இத சண்டைக்காகச் சொல்லல, இந்த வருஷம் நடந்ததைப் பார்த்தா உங்களுக்கே புரியும்.

ஜூலைல நம்ம கப் பேக்கோட, அதாவது குருளையர் குழுவோட, அகேலாவுக்கு, அதான் அந்தக் குழுவை நடத்துற லீடருக்கு, கோயம்புத்தூர் ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. பேக்ல 24 பேருக்கு மேல சேர்க்கக் கூடாது, அந்த 24-ம் ஃபுல், வெளியில இடம் கேட்டு காத்திட்டு இருக்கிற குடும்பங்கள் வேற, ஆனா நடத்த ஆள் இல்ல. மூணு வாரம் கப் மீட்டிங்கே நடக்கல. ஒரு குட்டிப் பையன் மூணாவது வாரமும் ஸ்கார்ஃப் எல்லாம் போட்டுட்டு தாத்தா கையைப் பிடிச்சிட்டு வந்து நின்னான், இன்னைக்கும் இல்லடான்னு அவன்கிட்ட சொன்னது நான்தான், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

பேரன்ட்ஸை எல்லாம் கூப்பிட்டு யாராவது லீடரா வாங்கன்னு கேட்டோம், ஒருத்தரும் கை தூக்கல. அவங்க சொன்ன காரணம் ஒண்ணும் பொய் இல்ல, ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், ஒருத்தங்க வீட்ல மாமியாருக்கு உடம்பு சரியில்ல, இன்னொருத்தங்களுக்கு கைக்குழந்தை. அப்புறம்தான் கேட்ட விதமே தப்போன்னு தோணுச்சு. லீடரெல்லாம் வேணாம், மாசத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு, ரெண்டு மணி நேரம் வந்து கூட நில்லுங்கன்னு கேட்டோம். ஒன்பது பேர் கை தூக்கினாங்க! அதுல ரெண்டு அம்மாக்கள் காலாண்டு லீவுல ஒரு வாரம் தங்கி பேசிக் ட்ரெய்னிங்கே முடிச்சிட்டாங்க, இப்ப கப்ஸுக்கு ஒருத்தங்க, புல்புல்ஸுக்கு ஒருத்தங்கன்னு அவங்கதான் நடத்துறாங்க. அந்த ஒரு வாரம் வீட்டையும் பிள்ளைங்களையும் பார்த்துக்கிட்ட அவங்க வீட்டுக்காரங்களுக்கும் குரூப் சார்பா பெரிய நன்றி. அவங்களும் சேர்ந்து செஞ்ச வேலைதான் இது.

நவம்பர்ல நடந்த ஒண்ணை கட்டாயம் பதிவு பண்ணணும். ஸ்கவுட் பசங்க மூங்கில்ல டேபிள் கட்டிட்டு இருந்தாங்க, வாங்கிட்டு வந்தது நைலான் கயிறு, எத்தனை தடவை கட்டினாலும் வழுக்கி வழுக்கி கீழ இறங்குது. கேட்டு பக்கத்துல பைக்கை நிறுத்திட்டு ஒரு அப்பா பார்த்துட்டே இருந்தார், லாரி டிரைவர், எப்பவும் உள்ள வராம அங்கேயே நிப்பார். கொஞ்ச நேரம் பார்த்துட்டு மெதுவா வந்தார். "தம்பி, நைலான்னா இழுத்துட்டு ஓடும், கூட ஒரு சுத்து குடு, குடுத்துட்டு அப்புறம் முடிச்சைப் போடு"ன்னு சொல்லிட்டு முட்டி போட்டு உக்காந்து கட்டிக் காமிச்சார். அசையல. அப்புறம் தார்ப்பாய் கட்டுறப்ப கயித்துலயே ஒரு கண்ணி விட்டு, அதுல திரும்ப நுழைச்சு இழுத்து டைட் பண்ணுவாங்கல்ல, அதையும் சொல்லிக் கொடுத்தார், அடுத்த கேம்ப்ல டென்ட் கயிறு ஒண்ணுகூட தொங்கல. அவர் பையன் அதுவரைக்கும் வீட்டைப் பத்தி யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டான், அன்னைக்கு மத்த பசங்க "உங்கப்பா அடுத்த வாரமும் வருவாராடா"ன்னு கேக்குறப்ப அவன் மூஞ்சியப் பார்க்கணுமே. இப்ப ட்ரிப் இல்லாத ஞாயிறெல்லாம் அவர் வர்றார். இந்த மாதிரி எல்லார் வீட்லயும் ஏதோ ஒரு கைவேலை இருக்கு, சொல்லுங்க, பிள்ளைங்க கத்துக்கட்டும்.

கைட்ஸ் கேம்ப் பத்தி. டிசம்பர்ல ராத்தங்கல் கேம்ப் வச்சிருந்தோம், கூட தங்க வேண்டிய ரெண்டு அம்மாக்கள்ல ஒருத்தங்களுக்கு முதல் நாள் காய்ச்சல், வேற யாரும் கிடைக்கல, கேன்சல் பண்ணிட்டோம். பொண்ணுங்க அழுதாங்க, ரெண்டு மூணு வீட்லேர்ந்து எனக்கு ஃபோன் பண்ணி கோவமா பேசினாங்க, ஒருத்தங்க கூட இருந்தா போதாதான்னு. போதாது. பிள்ளைங்க ராத்திரி தங்குற இடத்துல குறைஞ்சது ரெண்டு பெரியவங்க, கைட்ஸ்னா ரெண்டு பேரும் பெண்கள், இதுல மட்டும் நம்ம குரூப் எப்பவும் வளையாது. பிப்ரவரில அதே கேம்ப் நடந்துச்சு, நாலு அம்மாக்கள் வந்தாங்க.

யூனிஃபார்ம் விஷயம். சிக்கனமும் நம்ம சாரண விதிகள்ல ஒண்ணு, ஆனா ஆறு மாசத்துல பேன்ட் கணுக்காலுக்கு மேல ஏறிடுது, என்ன பண்றது. அதான் அந்தப் பச்சை ட்ரங்க் பெட்டி. சின்னதாப் போன சட்டை, பேன்ட், பெல்ட்டை துவைச்சு அயர்ன் பண்ணி அதுல வைங்க, தேவைப்படுறவங்க எடுத்துக்கலாம், யார் எடுத்தாங்கன்னு யாரும் எழுதி வைக்கிறதில்ல. ஸ்கார்ஃப் மட்டும் பெட்டில வைக்காதீங்க, அது உறுதிமொழி எடுக்கிற அன்னைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாத்தான் போட்டு விடுவோம். சந்தா கட்ட முடியாதவங்க பொருளாளர்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொன்னா போதும். பணத்துக்காக ஒரு பிள்ளையும் இந்த வருஷம் நிக்கல.

சந்தோஷமான செய்தி மணப்பாறை ஜாம்போரி, அதான் பல ஊர் சாரணர்கள் கூடித் தங்குற பெரிய முகாம். ஜனவரி 28-லேர்ந்து பிப்ரவரி 3 வரைக்கும் சிப்காட் வளாகத்துல, இயக்கத்தோட வைர விழா ஜாம்போரி, அதுவும் நம்ம ஊர்லேர்ந்து ஒரு மணி நேரத் தூரத்துல! நம்ம பிள்ளைங்க ஒரு பேட்ரோல், அதாவது ஒரு சின்ன அணி, கலந்துக்கிட்டாங்க. மத்த மாநிலத்துப் பிள்ளைங்க, இலங்கை, மலேசியாலேர்ந்து வந்தவங்க எல்லாரோடயும் சாரணர் வழக்கப்படி இடது கை குலுக்கி, பேட்ஜ் மாத்திக்கிட்டு வந்திருக்காங்க. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாம போன பொண்ணு ராஜஸ்தான் பொண்ணுகிட்ட ரொட்டி சுடக் கத்துட்டு வந்து இப்ப வீட்ல எல்லாருக்கும் சுட்டுக் குடுக்குதாம்.

வருத்தமும் ஒண்ணு இருக்கு. பத்தாவது வந்ததும் அஞ்சு பேர் நின்னுட்டாங்க. ராஜ்ய புரஸ்கார், அதான் ஆளுநர் விருது, அதுக்குத் தயாராகுற நேரத்துல சரியா பப்ளிக் எக்ஸாம் வந்து நிக்குது. வீட்டுப் பயம் எனக்கும் புரியுது, என் பொண்ணும் பத்தாவதுதான். இதுக்கு வழி சொன்னது பெரியவங்க இல்ல, பேட்ரோல் லீடரா இருக்கிற பிள்ளைங்களே கூடிப் பேசுற கோர்ட் ஆஃப் ஹானர்தான். பத்தாவது பிள்ளைங்க ஜனவரிலேர்ந்து மாசம் ஒரு தடவை வந்தா போதும், பட்டியல்லேர்ந்து பேரை எடுக்க வேணாம், பரீட்சை முடிஞ்சதும் அதே பேட்ரோல்ல சேர்ந்துக்கட்டும்னு அந்தப் பசங்களே முடிவு பண்ணாங்க. கமிட்டியும் ஒத்துக்கிச்சு, வர்ற வருஷத்துலேர்ந்து இதுதான் நடைமுறை. நின்னுபோன அஞ்சு பேர் வீட்டுக்கும் நானே நேர்ல போறேன்.

கணக்கு தணிக்கை ஆயிடுச்சு, நோட்டு கொடி மேடை அலமாரில இருக்கு, யார் வேணா பார்க்கலாம். நம்ம பொருளாளர் அண்ணன் இந்த வருஷத்தோட விலகுறார், அவர் இடத்துக்கு ஒருத்தர் வேணும், வாரம் ஒரு மணி நேர வேலை, கூட உக்காந்து சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போவேன்னு அவரே சொல்லியிருக்கார். ஜூன் மாச ஞாயிறு டியூட்டி சார்ட்ல ரெண்டாவது வாரமும் நாலாவது வாரமும் இன்னும் காலியாவே இருக்கு. பேனா அலமாரி மேலயே கட்டித் தொங்குது, பிள்ளையைக் கூப்பிட வர்றப்ப பேரை எழுதிடுங்க.