பாராட்டு விழாவுக்கு முன்னால் பற்று நோட்டு

ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

மளிகைக் கடை அண்ணாச்சி வருகிற தையோடு கடையை மூடுகிறார் என்று தெரிந்ததும், பாராட்டு விழாவுக்கு வீட்டுக்கு 500 ரூபாய் வரி போட்டிருக்கிறீர்கள். மேடை, மைக் செட், ஆளுயர ஃப்ளெக்ஸ், சால்வை. நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலு வருஷம் அந்தக் கடையில் பொட்டலம் மடித்தவன் என்கிற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுத்துவிட்டு அப்புறம் சால்வை போடலாமா?

அந்தப் பற்று நோட்டை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. எண்ணெய் விரல் பட்டுப் பட்டுத் தாளின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஆள் பெயர் இருக்காது. 'கிணத்தடி வீடு', 'பாசிக்காரம்மா', 'நீலப் படகு', 'மண்டபத்து மருமகள்', அவ்வளவுதான். பேனாவில் எழுதியிருந்தால் வரும் கணக்கு. பென்சிலில் எழுதியிருந்தால், வராது என்று அவருக்கே தெரிந்த கணக்கு. யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கே இரண்டாம் வருஷம்தான் பிடிபட்டது. இலங்கைக் கடற்படை பிடித்துப் போய், புருஷன் யாழ்ப்பாணம் சிறையில் கிடந்த வீடுகள் எல்லாம் பென்சில். அந்த ஆள் ஊர் திரும்பிய மறுநாள் அண்ணாச்சி ரப்பரை எடுப்பார். "படகையும் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறான், அவன்கிட்ட என்னத்தக் கேக்க?"

நம் கரையில் கடன் கிடைக்காமல் இல்லை. முன்பணம் கொடுக்கிற வியாபாரி யார், வாங்கினால் மீனை அவருக்கே அவர் சொல்கிற விலைக்குப் போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி கடனில் அந்த முடிச்சு கிடையாது. மீன்பாடு கிடைத்தால் கொடு, இல்லையென்றால் அடுத்த பாட்டுக்குக் கொடு. வட்டி என்ற சொல்லை அந்தக் கடையில் நான் கேட்டதே இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. நிவாரணம் 8,000 ரூபாய். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? அதைவிட மோசம், பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துப் பணம் கட்ட வேண்டிய நேரமும் அதுவேதான். படகு இறங்கி முதல் பாட்டுக் காசு கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடும். இந்த இடைவெளியில் அண்ணாச்சியின் கல்லாவிலிருந்து போன பணத்தில் படித்தவர்கள் நர்ஸாகவும் மெக்கானிக்காகவும் இருக்கிறார்கள். கமிட்டியிலேயே ஒருவர் இருக்கிறார், அவர் யாரென்று அவருக்குத் தெரியும்.

கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற பெண்கள் விரலில் சுற்றுகிற துணிக்கு அவர் காசு வாங்கியதில்லை. பாறை அறுத்த விரலோடு வந்து நின்றால் பேச்சே இல்லாமல் மஞ்சள்தூளைக் காகிதத்தில் கொட்டிக் கொடுப்பார். குடம் வைத்த தள்ளுவண்டிகள் தண்ணீருக்கு அலைகிற கோடையில் கடை வாசலில் நிரம்பி நின்ற சின்டெக்ஸ் தொட்டிக்கு லாரிக்காரருக்குக் காசு கொடுத்தது ஊராட்சி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, அப்படியே நினைக்கட்டும் என்பார்.

அவர் ஒன்றும் தேனாகப் பேசுகிறவர் இல்லை. குடித்துவிட்டு வந்தவனைத் தராசுத் தட்டால் விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். சின்னப் பையன்களிடம் பீடி கொடுத்தனுப்பச் சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அப்பன்மார்கள் இந்த ஊரில் நிறைய.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து, அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அவர் குடும்பம் வெறுங்கையோடு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரவு முழுக்கக் கடையிலேயே உட்கார்ந்திருப்பார், யாராவது அரிசி கேட்டு வருவார்கள் என்று.

இப்போது என் வேண்டுகோள். அந்த 500 ரூபாயை விழாவுக்கு வாங்காதீர்கள். பேனாக் கணக்கு வைத்திருக்கிற வீடுகள் அதைக் கடையில் கட்டட்டும், மீதியைத் தவணையாகக் கட்டட்டும். பென்சில் வீடுகளை யாரும் கேட்கக் கூடாது, பெயரும் வெளியே வரக் கூடாது. நோட்டைப் பார்ப்பதற்குக் கமிட்டியிலிருந்து ஒரே ஒருவர் போனால் போதும், அதுவும் வாய் மூடியிருக்கத் தெரிந்தவர். இந்த மடல் அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைத்தான் முதலில் திட்டுவார்.

என் அப்பா பெயரில் 4,300 ரூபாய் இருந்தது. போன வெள்ளிக்கிழமை கொண்டுபோய் நீட்டினேன். நோட்டைத் திறக்காமலே, "அது எப்பவோ அழிச்சாச்சு தம்பி" என்றார். எண்ணெய் டின் மேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மூட்டை பொன்னி அரிசியும் இரண்டு கிலோ துவரம்பருப்பும் இருந்தன. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதனால்தான் ஒவ்வொருவராகப் போனால் நடக்காது, ஊராகப் போக வேண்டும் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். அதுவரை ரசீதுப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொட்டலம் மடித்த பையன்