கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்கிறீர்கள், சரி, எந்த ரயிலில் ஏறுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்ச்சல் பரவுகிறது, கூட்டமான இடங்களைத் தவிருங்கள், போயே ஆக வேண்டும் என்றால் முகக்கவசம் போடுங்கள் என்று சுகாதாரத் துறை சொன்னதாக உங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. ஆனால் காலை ஏழரை மணிக்குத் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு வந்து, அரக்கோணத்திலிருந்தே நிரம்பி கடம்பத்தூரில் பிதுங்கி வருகிற லோக்கலில் ஒரு காலை மட்டும் வைக்க இடம் பிடித்து, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு தொங்குகிறவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவன் எதைத் தவிர்ப்பான், வேலையையா?

பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வருஷக்கணக்காக சீசன் டிக்கெட்தான். இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அடுத்த முறை ஏதாவது ஒரு கிருமி வந்தால் முதல் வேலையாக லோக்கல் ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் கை வைக்காதீர்கள். குறைக்காதீர்கள், முடிந்தால் கூட்டுங்கள். கொரோனா சமயத்தில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசித்த மாதிரியே தெரியவில்லை.

2020 மார்ச் 22, ஜனதா ஊரடங்கு என்று எல்லோரும் மாடியில் நின்று கைதட்டிய ஞாயிற்றுக்கிழமை, அன்றோடு லோக்கல் நின்றது. அதில் எனக்குப் புகார் இல்லை. அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது, உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. என் கேள்வி திறந்த வரிசையைப் பற்றி. உள்நாட்டு விமானம் மே 25-ல் பறக்க ஆரம்பித்துவிட்டது. சென்னையில் டாஸ்மாக் ஆகஸ்ட் 18-ல் திறந்தது. டவுன் பஸ் செப்டம்பர் 1, மெட்ரோ செப்டம்பர் 7. லோக்கல் ரயில்? அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு, நவம்பர் 23-லிருந்து பெண்களுக்கு, எங்களைப் போன்ற சாதாரண ஆம்பளைகளுக்கு டிசம்பர் 23. அதுவும் காலை 7 முதல் 9.30 வரை ஏறக் கூடாது, சாயங்காலம் 4.30 முதல் 7 வரை ஏறக் கூடாது. வேலைக்குப் போகிறவன் போகிற நேரமும் வருகிற நேரமும் அதுதான், அந்த நேரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற நேரத்தில் தாராளமாகப் போய் வரலாம்!

மெட்ரோவையும் லோக்கலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெட்ரோ பெட்டியில் ஜன்னலைத் திறக்க முடியாது, கதவு இறுக மூடிக்கொள்ளும், உள்ளே ஏசி. லோக்கலில் மழை வந்தால்கூட இறங்காத ஷட்டர், மூடவே மூடாத கதவு, பெட்டி முழுக்கக் காற்று. அந்த வருஷக் கடைசியிலேயே, மூடின அறையில் காற்று வழியாகத்தான் அதிகம் பரவுகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று டாக்டர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் மூடின வண்டி எல்லோருக்கும் முதலில் திறந்தது, திறந்த வண்டி கடைசி வரை மூடியே கிடந்தது. மெட்ரோவில் கூட்டம் கம்மி என்று பதில் வரும். உண்மைதான், அந்தக் கூட்டத்தை டிக்கெட் விலையே பார்த்துக்கொள்கிறது.

ரயிலை நிறுத்தினால் ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டவர்கள், கடையும் அலுவலகமும் திறந்த பிறகும் அதே கணக்கோடு இருந்ததுதான் வேடிக்கை. கடை திறந்துவிட்டது, முதலாளி வரச் சொல்கிறார், வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அப்புறம் என்ன, எங்கள் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருகிற ஆட்கள் சேர்ந்து வேன் பிடித்தோம். ஏழு பேர் உட்காருகிற வண்டியில் பதினோரு பேர், கண்ணாடி ஏற்றின வண்டி, ஏனென்றால் செக்போஸ்ட்டில் தலை எண்ணக் கூடாது. டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார், அது காற்றில் பறந்து பறந்து முன் சீட்டில் இருப்பவர் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சானிடைசர் பாட்டிலை நூலில் கட்டி கியர் பக்கத்தில் மாட்டியிருந்தார், அது காலியாகி மாதக்கணக்கானாலும் பாட்டில் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நோய் பரப்புவதற்கென்றே ஒரு வண்டி கட்டு என்றால் இதைவிட நன்றாகக் கட்ட முடியாது. இந்த வேனுக்கு ஒரு நாள் கொடுத்த காசு, லோக்கல் சீசனில் பாதி மாதக் காசு. கையில் கொஞ்சம் இருந்தவர்கள் கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட் பைக் எடுத்தார்கள். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில் அத்தனை கிலோமீட்டர் தினம் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள், அதில் என்ன நடந்தது என்று எந்தக் கொரோனா புள்ளிவிவரத்திலும் வராது.

பஸ் விஷயமும் இதுதான். 60 சதவீதம் பேரைத்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள், அப்புறம் 2021 ஏப்ரலில் நின்றபடி பயணம் செய்யத் தடை என்றார்கள். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு பஸ்ஸில் பாதி ஆளை ஏற்றினால் மீதி ஆளுக்கு இன்னொரு பஸ் வேண்டாமா? அந்த இன்னொரு பஸ் வரவே இல்லை. ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ், அடுத்தது வருவதற்குள் இரண்டு மடங்காகிற கூட்டம், கடைசியில் நிற்கிற பஸ்ஸில் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஏறுவது. நடுவில் மாட்டிக்கொண்டவர் கண்டக்டர். அவரும் மனுஷர்தான், அவருக்கும் வீட்டில் அம்மா இருப்பார். டிக்கெட் கிழிக்க வந்தவரைப் போலீஸ் வேலை பார்க்கச் சொன்னால் என்ன செய்வார்? இறங்கு என்று சொன்னால் பயணி திட்டுகிறான், ஏற்றினால் மேலதிகாரி மெமோ கொடுக்கிறார்.

அறிவிக்கிற விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை, ஞாயிறு முதல் நாலு நாள் சென்னையில் முழு அடைப்பு, மளிகைக் கடைகூடக் கிடையாது என்று திடீரென்று சொன்னார்கள். மறுநாள் சனிக்கிழமை நகரம் மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றது. கோயம்பேடு காய்கறிச் சந்தையில் கால் வைக்க இடம் இல்லை. அந்தச் சந்தையிலிருந்து தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று லாரி போன ஊருக்கெல்லாம் போனதும், மே 5-ல் சந்தையையே மூடி அப்புறம் திருமழிசைக்கு மாற்றியதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு சனிக்கிழமையால்தான் எல்லாம் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு முன்பே அங்கே தொற்று இருந்தது. ஆனால் கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே அந்த மாதத்தின் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது என்பதில் சந்தேகம் இல்லை. மறு வருஷம் மே மாதமும் இதே கதை. 8-ம் தேதி அறிவிப்பு, 10-ம் தேதி முதல் ஊரடங்கு, நடுவில் இரண்டு நாள் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் பஸ் நிலையத்தில் அலைமோதினார்கள். (சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்ற திட்டம் அமலுக்கு வந்ததும் அதே மே 8-ல்தான். இரண்டே நாளில் பஸ்ஸே ஓடவில்லை. திரும்ப ஓட ஜூன் 21 ஆனது.) அந்த மே மாதத்தில் அடைக்காமல் இருந்திருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்றதை மறக்க முடியுமா. அடைக்கிறபோது எப்படி அடைப்பது என்பதில்தான் என் சண்டை.

ரயில் ஓடாத அந்த மாதங்களில் காணாமல் போனவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்தால் நன்றாக இருக்கும். விடியற்காலை முதல் வண்டியில் கீரைக்கட்டும் பூக்கூடையும் ஏற்றிக்கொண்டு வருகிற அம்மாக்கள், பெட்டிக்குப் பெட்டி சமோசாவும் கொய்யாவும் விற்கிற பையன்கள், பேனாவும் ஊக்கும் விற்கிற கண் தெரியாத அண்ணன்கள், இவர்களுக்கு அந்தப் பெட்டிதான் கடை. கடையைத் திறக்கலாம் என்று அரசு உத்தரவு போட்டபோது இவர்களுடைய கடை அந்த உத்தரவில் இல்லை. நகரத்தின் அந்தப் பக்கம் கண்ணகி நகர், பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் அப்படித்தான், வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு பஸ் இல்லை என்றால் வேலை இல்லை. பஸ் வந்த பிறகும், கூட்டத்தில் வருகிறாய், இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்திவைத்த வீடுகள் எத்தனை. வேலைக்காரம்மா பஸ்ஸில் வந்தால் கிருமி, பார்சல் கொண்டு வருகிற பையன் பைக்கில் வந்தால் கிருமி இல்லை, அது என்ன கணக்கோ.

அடுத்து லீவு. காய்ச்சல் வந்தால் வீட்டில் இருங்கள் என்கிறார்கள். இருக்க யாருக்கு ஆசை இல்லை? 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு என்று எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் எத்தனை கடையில் அதைக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள், அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் என்ன ஆகிறது, பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு, முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டே அதே 7.30 வண்டியில் ஏறுகிறோம். இதே சட்டத்தில் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021 செப்டம்பரில் ஒரு திருத்தம் வந்தது, நல்ல திருத்தம். அந்த ஏப்ரலில் பஸ்ஸில் நிற்கத் தடை, செப்டம்பரில் கடையில் உட்கார உரிமை. இரண்டில் எது ஒழுங்காக அமலானது என்று சொல்லத் தேவையில்லை.

கிருமிக்காக என்று சொல்லி எடுத்தது எல்லாம் கிருமி போன பிறகு திரும்பி வந்ததா என்றால் அதுவும் இல்லை. மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச் 20-ல் நிறுத்தினார்கள், ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் இருந்தது. அப்போது சொன்ன காரணம், வயதானவர்கள் தேவையில்லாமல் வெளியே வரக் கூடாது. இப்போது வயதானவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், முழுக் காசு கொடுத்து. பாசஞ்சர் ரயிலை ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி, 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயாக்கினார்கள். அது இறங்க 2024 பிப்ரவரி ஆனது. அரக்கோணம், திருப்பதி பக்கம் தினம் போய் வந்த கூலி ஆட்கள் அவ்வளவு காலமும் கொடுத்த அந்தக் கூடுதல் காசை யாரிடம் போய்க் கேட்பது?

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். நோய் பரவுகிற காலத்தில் கடைகளும் அலுவலகங்களும் ஒரே நேரத்தில் திறக்காமல் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று பிரித்துத் திறக்க அரசு உத்தரவு போடலாம், ஒரே வண்டியில் ஏறுகிற கூட்டம் நாலு வண்டிக்குப் பிரியும். ஒன்பது பெட்டி வண்டி ஓடுகிற இடத்தில் பன்னிரண்டு பெட்டி ஓட்டலாம். யார் அத்தியாவசியம் என்று செக்கரையும் போலீஸையும் வைத்துக் கேட்டிலே தீர்மானிப்பதை விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற எவனுக்கும் சீசன் கொடுக்கலாம். 12 நாள் நோய் விடுப்பு கொடுக்காத கடைக்குத் தொழிலாளர் துறை ஒரு நோட்டீஸாவது அனுப்பலாம். பிளாட்பாரத்தில் அப்போது வைத்த கால் மிதிக் குழாய்களில் தண்ணீர் வரச் செய்யலாம், எங்கள் பக்கம் இருப்பதில் சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, மிதிக்கிற கட்டை மட்டும் இருக்கிறது.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இன்னொரு தொற்று வந்தால் புறநகர் ரயிலுக்கும் மாநகரப் பஸ்ஸுக்கும் என்ன திட்டம் என்று ரயில்வே கோட்ட அதிகாரிகளையும் போக்குவரத்துத் துறையையும் உங்கள் நிருபர் ஒரு முறை கேட்டு எழுதினால் உபயோகமாக இருக்கும். எழுத்தில் திட்டம் இருந்தால் அதை அப்படியே பிரசுரியுங்கள். இல்லை என்றால், இல்லை என்று சொன்ன அதிகாரியின் பதவியைச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சீசன் டிக்கெட் பயணி,
திருவள்ளூர்.