அந்த ஃபைலைப் பூட்டிலிருந்து வெளியே எடுங்கள்

தொழிற்சாலை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கெமிக்கல் டிரம்மைத் திறந்து, ஊற்றி, கலந்து, கழுவிப் பிழைக்கும் ஒருவன் எழுதுகிறேன். ஆடிட் நாளில் மட்டும் மேசைக்கு வந்து, ஆடிட்டர் வண்டி ஏறியதும் மறுபடி அலமாரிக்குள் போய்விடுகிறதே, அந்தத் தடித்த ஃபைலைப் பற்றித்தான் பேச்சு. பாதுகாப்புத் தரவுத் தாள், அதாவது ஒரு கெமிக்கலின் ஆபத்தையும் அதைக் கையாளும் விதத்தையும் சொல்லும் தாள். எங்கள் வாயில் இன்னும் எம்.எஸ்.டி.எஸ்.தான் (மெட்டீரியல் சேஃப்டி டேட்டா ஷீட்), தாளில் 'எம்' உதிர்ந்து எஸ்.டி.எஸ். ஆகி வருடங்கள் ஆகிவிட்டன. கெமிக்கல்களை வகைப்படுத்தவும் லேபிள் இடவும் ஐ.நா. 2003-இல் வெளியிட்ட ஜி.எச்.எஸ். என்ற உலகப் பொது முறைப்படி அதில் 16 பிரிவுகள், யார் தயாரித்தாலும் அதே வரிசை. முதலுதவி என்றால் 4, கையுறை, மாஸ்க் என்றால் 8, எதோடு எது சேரக்கூடாது என்றால் 10. பதறிப்போய்ப் புரட்டுகிறவனுக்கும் இடம் தெரிய வேண்டும் என்றுதானே வரிசையை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? அந்தப் பதறுகிறவன் நாங்கள்தான், ஆடிட்டர் இல்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்கும்போது அது சூடேறித் தெறித்து ஒரு பையனின் கண்ணில் பட்டுவிட்டது. ஒருவர் துடைக்கத் துணி தேடினார், இன்னொருவர் காரத்துக்கு வினிகர் ஊற்றினால் முறிந்துவிடும் என்றார், சூப்பர்வைசர் ஃபைலை எடுக்க ஓடினார், அலமாரி பூட்டியிருந்தது, சாவி அதிகாரியின் பையில், அதிகாரி மீட்டிங்கில். கடைசியில் வயதான ஒருவர்தான் பையனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் இமையை விரலால் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டார். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் கொஞ்சம் குறைந்ததும் நாங்கள் எல்லாரும் போதும் என்று நிறுத்திவிட்டோம். அப்புறம்தான் தாள் வந்தது. குறைந்தது 15 நிமிடம், இமையைத் திறந்தே பிடித்து, நிறையத் தண்ணீர், உடனே கண் மருத்துவர் என்று 4-ஆம் பிரிவில் இருந்தது, வினிகரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடி ஆரம்பித்தோம். பார்வை தப்பியது, அது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

சரி, ஃபைல் திறந்தே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 8-ஆம் பிரிவில் 'பொருத்தமான கையுறை அணியவும்' என்று இருக்கிறது. எது பொருத்தம்? ஸ்டோரில் இருப்பது ஒரே வகை, மெல்லிய நைட்ரைல். எண்ணெய், கிரீஸ் எல்லாவற்றுக்கும் அது நன்றாக உழைக்கும், அசிட்டோனுக்கு உதவாது, அதற்குப் பியூட்டைல் ரப்பர் வேண்டும். பெயின்ட் உரிக்கும் டைகுளோரோமீத்தேன் அந்த மெல்லிய நைட்ரைலைச் சில நிமிடங்களில் கடந்து தோலுக்கு வந்துவிடும், கையுறை கிழிந்திருக்காது, பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். கேரன் வெட்டர்ஹானின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், நச்சு உலோகங்களை ஆராய்ந்தவர், கவனக்குறைவான ஆள் இல்லை. 1996-இல் டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில சொட்டு அவருடைய லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்தது, 1997 ஜூனில் இறந்துபோனார். பிறகு சோதித்துப் பார்த்தால், அந்தக் கையுறையை ஊடுருவ அதற்கு 15 நொடிகூடத் தேவைப்படவில்லை. அவ்வளவு படித்தவருக்கே இந்தக் கதி என்றால், 'பொருத்தமான' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? தாளில் கையுறையின் ரகமும், அது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதும் இல்லாவிட்டால் சப்ளையருக்கு எழுதிக் கேட்டு வாங்குங்கள். கேட்கவேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

மாஸ்க்கும் இதே கதைதான். தூசிக்குப் போடும் மாஸ்க் தின்னர் ஆவியை நிறுத்தாது, வாசனை வருகிறதே என்று கேட்டால் 'பழகிவிடும்' என்று பதில் வருகிறது. பழகித்தான் போகிறது, மூக்கு மரத்துப்போவதற்குப் பெயர் அதுதான்.

9-ஆம் பிரிவை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டுவதில்லை, வெறும் எண்கள் என்பதால். தின்னரில் வரும் டொலுயீனுக்கு நேரே தீப்பற்று நிலை 4 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். எனக்கும் அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அதன் அர்த்தம், சாதாரண அறை வெப்பத்திலேயே மூடி திறந்த கேன் மேல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி தயாராக நிற்கிறது என்பது. அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து தள்ளி இருக்கும் வெல்டிங் பொறி வரைக்கும் போய்ச் சேரும். இதைப் பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், கேனை வெல்டிங் பக்கம் வைக்காதே என்று தினமும் கத்தவேண்டிய வேலை உங்களுக்கு மிச்சம்.

தாள் ஒன்றும் வேதவாக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். லேப் சப்ளையர்கள் வெறும் தண்ணீருக்கே எஸ்.டி.எஸ். போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கைப் பல்லவி என்றால் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் 40 பக்கத்தை அப்படியே சுவரில் ஒட்டச் சொல்லவில்லை. டிரம் நிற்கும் இடத்தில், எங்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில், பெரிய எழுத்தில் ஒரே பக்கம்: கண்ணில் பட்டால் என்ன, எந்தக் கையுறை, எதோடு சேர்க்கக்கூடாது. முழுத் தாளும் எந்த ஷிஃப்டிலும் கைக்கு எட்டும்படி, பூட்டில்லாமல். இரவில் கழிவறை கழுவ வரும் கான்ட்ராக்ட் ஆட்களையும் விட்டுவிடாதீர்கள், ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும் என்று அவர்களிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? அப்புறம், பெரிய கேனிலிருந்து குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி லேபிள் இல்லாமல் வைக்கும் பழக்கம், அதில் எங்கள் தப்பும் உண்டு, லேபிளும் பேனாவும் கிடைக்காதது உங்கள் தப்பு.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்கிறீர்களென்றால், பாகங்களைக் கழுவும் இடத்தில் நிற்கும், கிரீஸ் நீக்கும் டிகிரீசர் டிரம்மிலிருந்து தொடங்கலாம். சப்ளையர் மாறிவிட்டார், வாசனையும் மாறிவிட்டது, ஃபைலில் இருப்பது இன்னும் பழையவரின் தாள்தானா என்று முதல் பக்கத்தில் பெயரையும் திருத்திய தேதியையும் பாருங்கள். அலமாரிச் சாவியோடு நீங்களே இறங்கி வாருங்கள், நாங்கள் டிரம் லேபிளைத் துடைத்து வைக்கிறோம், இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சேர்ந்தே வாசிப்போம்.