கனரக வண்டிப் பயிற்சிக்கு வரும் தம்பிகளுக்கு

அனைவருக்கும் வணக்கம். பயிற்சியாளருடன் புதிதாக வண்டி ஏறவிருக்கும் தம்பிகள் இதை முழுதாகப் படியுங்கள்.

தொடக்கத்தில் ஸ்டீயரிங் உங்கள் கைக்கு வராது. மனம் தளர வேண்டாம். பயிற்சி தரும் அண்ணன் வண்டியைச் சுற்றி வரச் சொல்வார். டயரைத் தட்டிப் பார்ப்பது, பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது, கன்டெய்னரின் நான்கு மூலைப் பூட்டுகளையும் சரிபார்ப்பது எல்லாம் உங்கள் வேலை. காற்றழுத்தம் ஏறும் முன் வண்டியை நகர்த்தினால் திட்டுவார்; திட்டத்தான் வேண்டும். பூட்டு விழாத பெட்டி வளைவில் சரிந்தால் பக்கத்தில் பைக்கில் போகிறவர் பிழைக்க மாட்டார்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பதுதான் பெரிய பாடம். பெட்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். கை பழக நாளாகும். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசையில் நெடுநேரம் காத்திருக்க நேரும். அப்போது செல்பேசியை வைத்துவிட்டு, தோன்றுவதையெல்லாம் அண்ணனிடம் கேளுங்கள்.

அதட்டலைப் பொறுத்துக்கொள்ளலாம். கை ஓங்கினாலோ, தூக்கமில்லாமல் ஓட்டச் சொன்னாலோ உடனே இங்கே எழுதுங்கள். நாங்கள் பேசுகிறோம்.

இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதம்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ அணிந்து வாருங்கள்.