அன்று ராத்திரி நாங்கள் சுவாசித்தது என்ன?

சென்னைப் பெருநகரின் காற்றைக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் வட சென்னையில், ஆலைகள் சூழ்ந்த திருவொற்றியூர்ப் பக்கம் குடியிருப்பவன். எண்ணூரில் என்ன இருக்கிறது, மணலியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு விளக்கப் போவதில்லை. எந்த ஆலைக்கு எந்த ஆண்டு அனுமதி தரப்பட்டது, எந்தப் புகைபோக்கி எத்தனை மீட்டர் உயரம் என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். கோப்பு உங்களிடம்தானே இருக்கிறது. அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். எங்கள் குடியிருப்புகளுக்குள் காற்றைத் தொடர்ந்து அளக்கும் கருவிகளை வையுங்கள். அவை காட்டும் எண்ணை அந்த நேரத்திலேயே எங்களுக்கும் காட்டுங்கள்.

போன வாரம் மறுபடியும் நடு ராத்திரியில் அந்த வாயு வாடை வந்தது. இரண்டு மணி இருக்கும். கண் எரிந்துதான் விழிப்பு வந்தது. எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் அதற்குள் பேச்சு ஆரம்பித்திருந்தது. 'உங்க பக்கம் வருதா?' 'ஆமா, ஜன்னல் எல்லாம் சாத்திட்டோம்.' 'எங்களுக்கு இப்பதான் ஆரம்பிக்குது.' வாடை எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று அந்தச் செய்திகளை வைத்தே வரைபடம் போட்டுவிடலாம். உடனுக்குடன் தகவல் தரும் கண்காணிப்பு என்று எங்களுக்கு இருப்பது இதுதான். டெண்டர் விட வேண்டாம், பராமரிப்புச் செலவும் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வீசிங் உண்டு. இப்படிப்பட்ட ராத்திரிகளில் அவன் அம்மா நெபுலைசரை எடுத்து மாட்டிவிடுவார். அன்று அதற்கும் அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரவு டூட்டியில் இருந்த இளம் டாக்டர் பையனுக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டே, "எந்த கேஸ்மா உள்ள போச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மோனியாவா, கந்தக டை ஆக்சைடா, வேறு ஏதாவதா என்று தெரிந்தால்தானே அவரும் எதைக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்? அந்த அம்மா என்ன சொல்வார்? "கண்ணு எரிஞ்சுது சார், தொண்டையில மிளகாப்பொடி போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். டாக்டர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, சீட்டில் 'அடையாளம் தெரியாத வாயு' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

இத்தனை ஆலைகள், அனுமதிகள், ஆய்வு அறிக்கைகள் இருக்கிற ஊரில் ஒரு குழந்தை எதைச் சுவாசித்தான் என்று அவனைப் பெற்றவளாலும் சொல்ல முடியவில்லை, வைத்தியம் பார்த்தவராலும் சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

காலையில் புகார் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். போனை எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வாடை அழுகின முட்டை மாதிரி இருந்ததா, சிலிண்டர் கேஸ் மாதிரி இருந்ததா என்று கேட்டார். மதியம் ஒருவர் வந்தார். தெருமுனையில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் இல்லையே சார்" என்றார். இல்லைதான். கடற்காற்று ஏறிவிட்ட பிறகு இங்கே என்ன இருக்கும்? ராத்திரியில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். எங்களுக்கு மேற்கே மணலி. பகலில் திசை மாறிவிடும். வீட்டில் படகு வைத்திருக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். ராத்திரி வந்ததை மதியம் மூக்கால் தேடினால் கிடைக்காது.

மணலியில்தான் கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. செல்போனில் நாங்களும் பார்க்கிறோம். மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி என்று தொடர் கண்காணிப்பு நிலையங்களின் பெயர் எங்களுக்கு மனப்பாடம். பெருநகரப் பகுதியின் எல்லையை 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. விரிந்த அளவுக்குக் கருவிகள் விரியவில்லை. அது போகட்டும், பழைய எல்லைக்கே இவை எப்படிப் போதும்? மேற்கேயிருந்து காற்றடித்தால் ஆலையின் வாயு எங்கள் பக்கம் வருகிறது. ஆலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற கருவி நல்ல காற்றைக் காட்டுகிறது. கருவி பொய் சொல்லவில்லை. அது நிற்கிற இடத்தின் காற்றைச் சொல்கிறது. நாங்கள் இருக்கிற இடத்தின் காற்றை யார் சொல்வது?

ஆட்கள் வந்து மாதிரி எடுத்துப் போகும் நிலையங்களும் உண்டு என்பது தெரியும். தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டப்படி அவை வாரத்துக்கு இரண்டு நாள் அளக்கும், ஆண்டுக்கு 104 நாள். மற்ற நாட்களில் வாயுக் கசிவு வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு போலிருக்கிறது.

2023 டிசம்பர் 26 ராத்திரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணூரில் ஓர் உர ஆலைக்குக் கடலுக்கு அடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் நள்ளிரவில் கைக்குழந்தைகளோடு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அவர்களை எழுப்பியது சைரனும் இல்லை, எந்தக் கருவியும் இல்லை. மூக்குதான் எழுப்பியது. பிறகு ஆலை வாசலில் அளந்ததில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா என்று செய்தி வந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400.

அந்தச் 'சராசரி'யைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 2,090 என்பது ஒரு மணி நேரம் இருந்து, மீதி 23 மணி நேரமும் காற்று சுத்தமாக இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சராசரி 87 வரும். காற்றுத் தரக் குறியீட்டில் அம்மோனியா 200 வரைக்கும் 'நன்று', பச்சை நிறம். ஒருவர் தலையைப் பத்து நிமிஷம் தண்ணீருக்குள் அமுக்கி எடுத்துவிட்டு, 24 மணி நேரச் சராசரிப்படி இவர் நன்றாகவே மூச்சு விட்டிருக்கிறார் என்று சான்றிதழ் கொடுக்கிற கணக்கு இது. குறியீட்டில் எட்டு மாசுகள்தான் இருக்கின்றன. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் கிடையாது, பென்சீன் கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு செல்போனைப் பார்த்தால் திரையில் பச்சை தெரிவதற்கு இதுதான் காரணம். தினசரிக் குறியீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்ட கால நோய்க்கணக்குக்கு அது வேண்டும்தான். திடீரென்று வந்து போகும் வாயுவைப் பிடிக்க அது உதவாது, அவ்வளவுதான்.

அப்புறம் 2024 அக்டோபர் 25. திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், மயக்கம். பள்ளியை மூடினார்கள். நவம்பர் 4 அன்று திறந்தார்கள், அன்றைக்கே மறுபடியும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பேரிடர் மீட்புப் படை வந்தது, நடமாடும் கண்காணிப்பு வண்டியும் வந்து நின்றது. எல்லாம் நடந்த பிறகு வந்தன. முதல் நாள் அந்த வகுப்பறைக் காற்றில் இருந்தது என்ன என்று இன்றைக்கும் எங்களுக்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு கருவி அந்தப் பள்ளியின் மாடியில் அதற்கு முன்பே இருந்திருந்தால் இதைக் கேட்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. வாயு இல்லை என்பதுதான் உண்மை என்றால் அதையும் அந்தக் கருவியே நிரூபித்திருக்கும், பெற்றோருக்கும் நிம்மதி.

கருவியும் ஆளும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு போகிக்கும் மாநகராட்சியின் எல்லா மண்டலங்களிலும் கருவி வைத்து, 24 மணி நேரம் அளந்து, மறுநாள் பத்திரிகைக்கு அறிக்கை கொடுக்கிறீர்களே. பழைய பாயையும் கிழிந்த துணியையும் கொளுத்துகிறவர்களைப் பிடிக்க அத்தனை ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு நாள் போகி கொண்டாடுகிற எங்கள் மீது இருக்கிற அக்கறை, 365 நாளும் போகி கொண்டாடுகிறவர்கள் மீதும் கொஞ்சம் இருக்கலாம்.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் வேறெல்லாம் வாயில் வருகிறது. அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகையைக் குறைக்க 2015-ல் விதி போட்டார்கள். அதற்கான கெடு எத்தனை முறை தள்ளிப்போனது என்று எண்ணுவதையே நாங்கள் விட்டுவிட்டோம். அம்மோனியா கசிந்த அதே டிசம்பரில்தான் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. தெற்கே பூங்காவுக்கும் நடைபாதைக்கும் இடம் தேடுகிறீர்கள். வடக்கே இன்னொரு ஆலைக்கோ குப்பை எரிக்கும் உலைக்கோ இடம் தேடுகிறீர்கள். நகரத்துக்கு மின்சாரம் வேண்டும், உரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், எல்லாம் சரி. அதன் புகை மட்டும் எப்போதும் ஒரே பின்கோடுகளைத் தேடி வருவது எப்படி? 2020-21 முதல் காற்றுத் தரத்துக்கென்று நிதி ஆணைய மானியமும் சென்னைக்கு வந்திருக்கிறது. ரோட்டுத் தூசியைக் கூட்டும் இயந்திரங்களைப் பார்க்கிறோம், சந்தோஷம். எங்கள் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு வருவது ரோட்டுத் தூசி இல்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

எண்ணூர்க் குப்பங்கள், எர்ணாவூர், திருவொற்றியூர், மணலியின் குடியிருப்புகள் ஆகிய இடங்களில், ஆலைக்கு எல்லாப் பக்கமும் காற்றைப் பிடிக்கும்படி, தொடர்ந்து அளக்கும் கருவிகளை வையுங்கள். தூசியோடு நிறுத்தாமல் அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, பென்சீன் போன்றவற்றையும் அவை அளக்கட்டும். நாள் சராசரியோடு நிற்காமல் கால் மணிக்கு ஒரு முறை வரும் எண்ணைத் தமிழில், தெருமுனைப் பலகையிலும் செல்போனிலும் காட்டுங்கள். எண் ஏறினால் அலாரம் அடிக்கட்டும், பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் தகவல் போகட்டும். பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் இருக்கும் கருவிகளின் எண்கள் ஏற்கெனவே கிண்டியில் உங்கள் கண்காணிப்பு மையத்துக்கு வந்து சேர்கின்றன. அவற்றையும் எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும்படி வெளியிடுங்கள். உங்கள் திரையில் தெரிகிற எண் எங்கள் நுரையீரலைப் பற்றியது. அதை நாங்களும் பார்க்கக் கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை என்று நம்புகிறேன்.

கருவி வைக்க இடம், மின்சாரம், பாதுகாப்பு வேண்டும் என்பீர்கள். எங்கள் தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் மரமோ உயரமான சுவரோ மறைக்கவில்லை. மாடியில் மின் இணைப்பு இருக்கிறது, கதவுக்குப் பூட்டும் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் பேசிவிட்டோம், வாடகை வேண்டாம் என்கிறார். உங்கள் பொறியாளர் வந்து பார்க்க ஒரு தேதியைச் சொன்னால் போதும், சாவியோடு நாங்கள் காத்திருப்போம். ராத்திரியில் வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவன்