மெழுகுக் கால்கள்: அருளுக்கு ஒரு கடிதம்

மாதுங்கா, மும்பை

அன்புள்ள அருள்,

நலம்தானே? ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாதது என் தப்பு. இங்கே எல்லாரும் சுகம். சித்தி இன்னும் அந்த ரேடியோவை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உன் பங்கு இளைஞர் கூட்டத்துக்கு நீ எழுதிய உரையை ஸ்டெல்லா அனுப்பியிருந்தாள். போனில் பேசினால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கத்தியது மாதிரி ரெண்டு பேரும் கத்துவோம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

"திருச்சபையில் இருப்பது முக்கால்வாசி பேகன் சரக்கு" என்று ஆரம்பிக்கிறாய், அதாவது பழைய பலதெய்வ வழிபாட்டிலிருந்து எடுத்தது என்று. உன்னிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேட்கப்போவது இருபது வயதுப் பிள்ளைகள். வீட்டுக்குப் போய் ஆச்சி ஏற்றிவைத்த மெழுகுத்திரியை ஊதி அணைப்பார்கள். அல்லது அப்படியானால் எதுவுமே உண்மை இல்லை என்று எழுந்து போய்விடுவார்கள். அதுதான் என் கவலை.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். கிறிஸ்துமஸ் ரோமர்களின் சாட்டர்னாலியா விழாவிலிருந்து வந்தது என்ற வரியை எடுத்துவிடு. அது டிசம்பர் 17இல் தொடங்கி 23க்குள் முடிந்துவிடும் விழா. சூரியக் கடவுள் விழா என்றால் பேச இடம் உண்டு: ரோமப் பேரரசன் அவுரேலியன் அந்தக் கடவுளுக்குக் கோவில் கட்டியது 274இல், 354ஆம் ஆண்டின் ரோமாபுரி நாட்காட்டியில் சூரியன் பிறப்பும் கிறிஸ்து பிறப்பும் டிசம்பர் 25இலேயே இருக்கின்றன. ஆனால் சிலுவைச்சாவு மார்ச் 25 என்ற கணக்கு 200ஐ ஒட்டியே டெர்டுல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரிடம் இருக்கிறது. கருவானதும் அதே நாள் என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வந்துவிடும். ரெண்டையும் சொல், தீர்ப்பு சொல்லாதே. ஈஸ்டர் என்ற பேரை வைத்து நீ எழுதிய பக்கம் முழுக்க வேண்டாம். ஏயோஸ்ட்ரே என்ற தேவதையைப் பற்றி நமக்குக் கிடைப்பது 725இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி எழுதிய ஓரிரு வரிதான். அந்தப் பேரும் ஆங்கிலம், ஜெர்மன் பக்கத்துச் சங்கதி. நாம் சொல்வது பாஸ்கா.

இப்போது நீ ஒரே வரியில் தாண்டிப் போன விஷயத்துக்கு வருகிறேன். பாந்த்ரா மவுண்ட் மேரி மாதா கோவில். செப்டம்பர் 8ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை திருவிழா, பிறகு ஒரு வாரம் சந்தை. கோலி மீனவர்களுக்கு அந்த மாதா மோத் மாவ்லி. படியோரக் கடைகளில் மெழுகில் வார்த்த கை, கால், கண், தொட்டில் பிள்ளை, வீடு எல்லாம் தட்டில் அடுக்கியிருக்கும். முழங்காலில் வலி என்றால் கால், வாடகை வீட்டில் அல்லாடுகிறவனுக்கு வீடு. வாங்குகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்களே இல்லை. இதை நீ "அப்பட்டமான பேகன் எச்சம்" என்கிறாய். இங்கேதான் நிதானம் வேண்டும், அருள்.

கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தில், மருத்துவக் கடவுள் அஸ்க்லேப்பியஸின் கோவிலில் சுடுமண் கைகால்கள் குவியலாகக் கிடைத்தது உண்மை. ஆனால் அவை கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுச் சாமான்கள். திருத்தூதர் பவுல் அந்த ஊருக்குப் போனது கி.பி. 50 வாக்கில். "உடல் ஒன்று, உறுப்புகள் பல" என்று அவர் எழுதியதற்கு இவைதான் தூண்டுதல் என்று நீ சேர்த்திருக்கிறாய். நானூறு வருஷ இடைவெளியை எங்கே ஒளிப்பாய்? சிரியாவில் ஆயர் தேயோதொரேத்து 5ஆம் நூற்றாண்டில் எழுதுவதைப் பார். வேதசாட்சிகளின் கல்லறைகளில் மக்கள் பொன்னிலும் வெள்ளியிலும் கண், கை, கால் செய்து வைக்கிறார்கள், அற்பமான காணிக்கையையும் ஆண்டவர் ஏற்கிறார் என்று பெருமையாகவே சொல்கிறார்.

மேற்கே கதை வேறு. 6ஆம் நூற்றாண்டில் கொலோன் நகரத்தில் பழைய தெய்வங்களின் கோவில் ஒன்றில் எந்த உறுப்பு வலிக்கிறதோ அதை மரத்தில் செதுக்கி வைப்பது வழக்கம். காலுஸ் என்ற திருச்சபைப் பணியாளர் அந்தக் கோவிலுக்குத் தீ வைத்தார். ஜனங்கள் வாளை உருவிக்கொண்டு துரத்த, அரசனின் அரண்மனைக்குள் ஓடித்தான் பிழைத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஓசேர் நகரத்தில் கூடிய திருச்சபைச் சங்கம் மரக்கால் செய்யாதே என்று சட்டமே போட்டது. யாரும் செய்யாததை யாரும் தடுப்பதில்லை. இப்படிப்பட்ட தடைகள்தான் உனக்கு நல்ல சாட்சி, இணையத்தில் சுற்றும் படங்கள் அல்ல. ஒன்று மட்டும் கவனி: பழைய சங்கங்களின் தடைப்பட்டியலை அப்படியே எடுத்தெழுதும் பழக்கமும் இருந்தது. அதனால் ஊர்ப்பேர், பொருளின் பேர் இருக்கிறதா என்று பார்த்து நம்பு.

பாந்த்ராவுக்கு அது எந்த வழியாக வந்தது? போர்த்துகீசியர் வழியாக என்பது என் முடிவு. போர்த்துகல் நாட்டுப் பாத்திமா திருத்தலத்தில் இன்றைக்கும் மெழுகு உறுப்பு விற்கிறார்கள். ஆனால் கப்பலில் வந்த பொருள் இங்கே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நம்மிடம் இருக்கிறது. சமயபுரத்தில் கண்மலர் வாங்கிப் போடுகிற கைக்கு மெழுகுக் கண் அந்நியமா? எங்கிருந்தோ வந்த ஒன்று ஏற்கெனவே இருந்த ஒன்றைச் சந்தித்திருக்கிறது. அதைத் "திருட்டு" என்று எழுதாதே.

திருச்சபை கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளவும் இல்லை. 601இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் பழைய தெய்வங்களின் கோவில்களை இடியுங்கள் என்று இங்கிலாந்தின் கென்ட் அரசனுக்கு எழுதினார். அதே வருஷம் அங்கே போய்க்கொண்டிருந்த துறவி மெல்லிட்டஸுக்கு எழுதும்போது மாற்றினார்: சிலையை மட்டும் உடை, கட்டடத்தில் தீர்த்தம் தெளி, பீடம் கட்டு, புனிதர் எலும்பை வை. மாடு அடிப்பதையும் நிறுத்தவேண்டாம், கோவிலைச் சுற்றித் தழைப்பந்தல் போட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லி விருந்தாகச் சாப்பிடட்டும். எது போகலாம், எது நிற்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்.

நம் பக்கத்தில் அந்தப் பிரிப்பு இன்னும் கூர்மை. மதுரையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு தெ நோபிலியின் வாதத்தை ஏற்று 1623இல் ரோம், கிறிஸ்தவர்களாகும் பிராமணர்களின் பூணூலுக்கு அனுமதி கொடுத்தபோது, பழைய நூலை எரித்துவிட்டுக் குருவானவர் மந்திரித்த புதியதைப் போடவேண்டும் என்றது. 1704இல் பாண்டிச்சேரியில் பாப்பரசரின் தூதர் துர்னோன் பிள்ளையார் உருவம் போட்ட தாலியைத் தடுத்தார், நூற்றெட்டு இழை மஞ்சள் கயிற்றையும் தடுத்தார். தாலியைத் தடுக்கவில்லை. ஸ்டெல்லா கழுத்துத் தாலியைத் திருப்பிப் பார், சிலுவை இருக்கும். முன்னூறு வருஷச் சண்டை அந்தக் குண்டுமணிப் பொன்னில் இருக்கிறது. உன் உரையை அங்கிருந்து ஆரம்பித்தால் ஒரு பிள்ளையும் எழுந்து போகாது.

"பேகன்" என்ற சொல்லையும் யோசி. அந்த ஜனங்கள் தங்களை அப்படிக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. நம் பழைய செபப் புத்தகங்கள் "அஞ்ஞானிகள்" என்று யாரைச் சொல்லின? உன் தாத்தாவின் தாத்தாவை. அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன் வைக்கும்போது குரலைத் தாழ்த்து.

திருத்தியதை ஞாயிறுக்குள் அனுப்பு, ராத்திரியே படித்துவிடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் பவுல் பத்தி இன்னும் இருந்தால் போன் பண்ணுவேன்.

அன்புடன்,
செல்வம்